கைவிட்ட கல்குவாரித் தண்ணீர்: எடுப்பதா, நிலத்தில் இறக்குவதா, மூடுவதா?

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல், ஜிகணி, சந்தாபுரா, பன்னேரகட்டா பக்கத்து அடுக்குமாடிகளில் கோடைக்குக் கோடை இதே நிலைமைதான். போர்வெல் காற்றைத் துப்புகிறது, வாசலில் டேங்கர் வரிசை நிற்கிறது. காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரியில் மட்டும் ஏப்ரலிலும் தண்ணீர் குறையாமல் கிடக்கிறது. அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் பம்ப் வைத்து எடுக்கலாம் என்பார். இன்னொருவர் மழைநீரை அதில் விட்டு நிலத்தடி நீரை உயர்த்தலாம் என்பார். குழந்தைகள் விழுந்துவிடும், மூடிவிடுவோம் என்பார் மூன்றாமவர். மூவருமே அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் குழியின் கணக்குதான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை நாமே போடலாம். அதற்கு ஒரு கோடைக்காலமும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் போதும்.

குழி எந்தச் சரிவில் இருக்கிறது

பெங்களூரு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில், இரண்டு ஆற்றுப் படுகைகளைப் பிரிக்கும் மேட்டில் இருக்கிறது. கிழக்குச் சரிவில் விழும் மழை தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போகிறது. மேற்குச் சரிவு நீர் அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. பன்னேரகட்டா காட்டுப் பக்கத்துச் சுவர்ணமுகி ஓடையும் அர்க்காவதியில் சேர்வதுதான்.

மேட்டின் தலையில் வெட்டிய குவாரிக்கு நீர்பிடிப்புப் பரப்பு மிகக் குறைவு. அதில் நிற்பது பெரும்பாலும் அதன் மேலேயே விழுந்த மழை. பள்ளத்தாக்கின் அடியில், ஓடைக்கு அருகே வெட்டிய குவாரி வேறு வகை. அங்கே தண்ணீர் தாராளமாக வரும், கூடவே ஓடையில் ஓடும் சாக்கடையும் வரும். குவாரியின் நீர்மட்டம் பக்கத்து ராஜகாலுவேயின் (நகரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) நீர்மட்டத்தைவிடக் கீழே இருந்தால், ஓடை நீர் பாறைப் பிளவு வழியாகக் குழிக்குள் வர வழி இருக்கிறது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்து இரண்டு மட்டத்தையும் ஒப்பிடுங்கள். குழி கீழே இருக்கிறது என்று தெரிந்தால், குடிக்கும் யோசனையை அன்றோடு விட்டுவிடலாம்.

நம் காலடியில் இருப்பது நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். பாறை தானாகத் தண்ணீர் வைத்துக்கொள்ளாது. மேலே பத்து முதல் இருபத்தைந்து மீட்டர் வரை முரம்பும் (சரளை கலந்த மண்) சிதைந்த பாறையும் இருக்கும், அதற்குக் கீழே வெறும் பிளவுகள்தான். சிதைந்த அடுக்கிலேயே நூறு லிட்டர் பருமனிலிருந்து வடியக்கூடிய நீர் ஒன்று முதல் மூன்று லிட்டர். இரண்டு சதவீதம் என்று வைத்தால், சுற்றியுள்ள நிலத்திலிருந்து குழிக்குள் 1,000 கன மீட்டர் ஊறி வருவது ஏறக்குறைய 12 ஏக்கரில் நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்குவதற்குச் சமம். அந்த 12 ஏக்கரில் யார் யாருடைய கிணறுகளும் போர்களும் இருக்கின்றன என்பதை முடிவெடுப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிற்கும் நீரும் வரும் நீரும்

கண்ணுக்குத் தெரிவது இருப்பு மட்டும்தான். முடிவுக்கு வேண்டியது வருஷ வரவு. பெரும்பாலான திட்டங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் தோற்கின்றன.

ஒரு ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டர் பரப்பும், அதிகபட்சம் 25 மீட்டர் ஆழமும் உள்ள குழியை எடுத்துக்கொள்வோம். குவாரியைப் பெஞ்ச் பெஞ்சாக, அதாவது படிபடியாக, வெட்டியிருப்பதால் பரப்பு × ஆழம் என்று முழுதாகப் பெருக்கக் கூடாது, 0.6ஆல் குறைக்க வேண்டும். வருவது சுமார் 60,700 கன மீட்டர், ஆறு கோடி லிட்டர். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாள் தேவை 1,08,000 லிட்டர். வகுத்தால் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் தாங்கும் என்று வரும். கூட்டத்தில் கைதட்டல் விழுவது இந்த எண்ணுக்குத்தான்.

இப்போது வரவைப் பாருங்கள். பெங்களூரின் சராசரி மழை வருஷத்துக்குச் சுமார் 970 மி.மீ. குழியின் மேலேயே விழுவது 3,900 கன மீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 1,500 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் போவது 6,070 கன மீட்டர். மழையும் வெயிலும் மட்டும் என்றால் குழி வருஷா வருஷம் நஷ்டத்தில்தான் ஓடும். சுற்றி 5 ஏக்கர் சரிவு இருந்து, விழும் மழையில் முப்பது சதவீதம் வழிந்து வந்தால் 5,900 கன மீட்டர் சேரும். எல்லாம் கூட்டிக் கழித்தால் மிச்சம் 3,700 கன மீட்டர் சொச்சம், நாளுக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரிவு வெறும் பாறையாக இருந்தால் வழிந்து வருவது இதைவிடக் கூடும், புல்லும் புதருமாக இருந்தால் குறையும். ஆனால் எண்ணின் அளவு தலைகீழாகிவிடாது.

விட்டுப்போனது ஊற்று. அதை ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மழை இல்லாத பத்து நாள் போதும்.

குழியின் ஓரத்தில் அசையாத பாறையில் மி.மீ. குறித்த அளவுகோலைப் பொருத்துங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் குழி நீரையே நிரப்பி, விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி டயர் டியூபில் கட்டி மிதக்க விடுங்கள். அதற்குள்ளும் ஒரு ஸ்கேல். தினமும் காலை ஒரே நேரத்தில், காற்று எழுவதற்கு முன், இரண்டையும் படித்து எழுதுங்கள். தொட்டியில் இறங்குவது ஆவி மட்டும். குழியில் இறங்குவது ஆவியும் ஊற்றும் கசிவும் சேர்ந்தது. ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மி.மீ. என்பது 4,047 லிட்டர். பத்து நாளில் தொட்டி 58 மி.மீ., குழி 34 மி.மீ. இறங்கியிருந்தால் வித்தியாசம் 24 மி.மீ.; நாளுக்கு 9,700 லிட்டர் ஊற்று உள்ளே வருகிறது. குழி 80 மி.மீ. இறங்கியிருந்தால் 22 மி.மீ. வெளியே போயிருக்கிறது, நாளுக்கு 8,900 லிட்டர் பாறைக்குள் கசிகிறது. தொட்டிக்குள் அலை தெறித்தாலோ, பறவை குளித்தாலோ, அந்த வாரத்தில் யாராவது டேங்கருக்கு நீர் எடுத்தாலோ கணக்கு பாழ். அந்த நாள்களைத் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தக் குவாரிகளில் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து உழைத்தவர்கள் பலர் இன்னும் ஓசூர் ரோட்டை ஒட்டிய குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். பழைய மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: "அண்ணே, வேலை நடந்தப்ப மார்ச் மாசம் தினம் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும்? எத்தனை எச்.பி.?" 30 மீட்டர் தூக்கும் 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 22 கன மீட்டர் இறைக்கும். "நாலு மணி நேரம் ஓட்டுவோம் தம்பி" என்றால் குழி அடிவரை வற்றியிருந்த நிலையில் ஊற்று நாளுக்குச் சுமார் 90,000 லிட்டர். மழைக்கால எண்ணையும் கோடை எண்ணையும் கலந்து சொல்லிவிடுவார்கள், மாதத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த எண் மேல் வரம்பு. குழி நிறைந்திருக்கும்போது அவ்வளவு வராது. குழியை வற்றடித்தால்தான் வரும், அப்போது வருவது அந்த 12 ஏக்கர்காரர்களின் தண்ணீர்.

முழுத் தேவைக்கும் எடுப்பது

மேலே சொன்ன குழியிலிருந்து நாளுக்கு 1,08,000 லிட்டர் வீதம் எடுத்தால் வருஷம் 39,400 கன மீட்டர். வரவு 3,700. பெரிய ஊற்று இல்லையென்றால் இரண்டு வருஷம் முடிவதற்குள் குழி காலி. அதற்குள் பம்ப், பைப், ஃபில்டர் என்று போட்ட காசு மீண்டிருக்காது. மட்டம் இறங்க இறங்கச் சுற்றியுள்ள போர்களும் இறங்கும், மேல்புறத்து முரம்புச் சரிவும் ஈரம் வடியும் வேகத்தில் சரியும். இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் தெளிவான கருத்து. ஓடையோரத்துப் பெரிய குவாரியில் அளவு கிடைக்கலாம், ஆனால் அங்கே தரம் கிடைக்காது.

கோடை மூன்று மாதம், கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும்

அளவு பொருந்தி வருவது இங்கேதான். 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகிறது. 800 பேருக்கு 36,000 லிட்டர். மார்ச் முதல் மே வரை 90 நாளுக்கு 3,240 கன மீட்டர். வருஷ வரவுக்குள் அடங்குகிறது. எடுப்பதால் 80 செ.மீ., ஆவியால் 50 செ.மீ. சொச்சம் என்று கோடை முடிவில் மட்டம் 1.3 மீட்டர் இறங்கியிருக்கும். அக்டோபருக்குள் அது மீண்டும் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அடுத்த கோடையில் எடுப்பதைக் குறைக்க வேண்டும்.

செலவை டேங்கரோடு ஒப்பிடுங்கள். 2024 மார்ச் நெருக்கடியில் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் 5 கி.மீ.க்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. அந்த விலையில் நாளுக்கு மூன்று டேங்கர், கோடைக்கு 2,70,000 ரூபாய், வரி தனி. மிதவை, பம்ப், பைப், ஃபில்டர், இரட்டைக் குழாய் வேலை எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்கி இந்தத் தொகையால் வகுங்கள். நாலு கோடைக்குள் மீளாது என்றால் டேங்கரே மேல். கட்டடத்தில் கழிப்பறைக்குத் தனிக் குழாய் ஏற்கெனவே இருந்தால் கணக்கு பெரும்பாலும் குவாரிப் பக்கம் சாயும். இல்லாவிட்டால், குழாய்கள் இறங்கும் ஷாஃப்டை உடைத்துப் புதுக் குழாய் இறக்கும் செலவுதான் மற்ற எல்லாவற்றையும் விழுங்கும்.

பம்பை விளிம்பில் வைத்து உறிஞ்சலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த உயரத்தில் காற்றழுத்தம் தாங்கும் நீர் உயரம் 9.3 மீட்டர்தான். உராய்வும் இழப்பும் போக நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் உறிஞ்சாது. அதனால் பம்ப் நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவையில் இருக்க வேண்டும். நாளுக்கு 36,000 லிட்டரை 6 மணி நேரத்தில் எடுக்க மணிக்கு 6 கன மீட்டர், மொத்தத் தூக்கு 50 மீட்டர் என்றால் 3 எச்.பி. போதும், 63 மி.மீ. எச்.டி.பி.இ. பைப் சரியாக இருக்கும். மிதவையிலிருந்து கரை வரை வளையும் ஹோஸ், கரையில் நான்-ரிட்டர்ன் வால்வு, பேனலில் மின்கசிவு கண்டால் வெட்டும் ஈ.எல்.சி.பி. இந்த மூன்றிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உறிஞ்சும் வாய் மேல்மட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே பாசி, வெகு ஆழத்தில் பிராணவாயு இல்லாத நீர். செங்குத்தான குவாரிகளில் காற்று நீரைக் கலக்காது. கோடையில் மேலே சூடான அடுக்கு மிதக்க, கீழே குளிர்ந்த அடுக்கு அப்படியே கிடக்கும். அங்கே இரும்பும் மாங்கனீசும் கரைந்திருக்கும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். தெளிவாகத்தான் தெரியும். காற்றுப் பட்டதும் பழுப்பாகிக் கழிப்பறைப் பீங்கானில் கறையாகப் படியும். குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து இறங்கும்போது இரண்டு அடுக்கும் கலந்து சில நாள் முழுக் குழியும் நாறலாம்.

பரிசோதனைக்கு ஒரு பாட்டில் போதாது. மேலிருந்து ஒரு மீட்டர், நடு ஆழம், அடியிலிருந்து ஒரு மீட்டர் மேலே என்று மூன்று மாதிரிகள். மே மாதம் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை. கல் கட்டிய பாட்டிலின் மூடியைத் தனிக் கயிற்றால் இழுத்துத் திறந்தால் ஆழத்து நீர் கிடைத்துவிடும். வழக்கமான டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), கடினத்தன்மையோடு நைட்ரேட், அம்மோனியா, ஃபுளோரைடு, இரும்பு, மாங்கனீசு, எண்ணெய்ப் பசை, கோலிஃபார்ம் (சாக்கடைக் கலப்பைக் காட்டும் கிருமி) எல்லாம் கேளுங்கள். கிரானைட் பகுதி என்பதால் யுரேனியமும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நைட்ரேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். குவாரி வெடிமருந்தில் பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட். எண்ணெயில் கலந்து போடும் வகை ஈரத் துளைகளில் முழுதாக வெடிக்காமல் கரைந்துவிடும். அது பாறைப் பொடியோடு தங்கி, குழி நிரம்பும்போது நீரில் இறங்குகிறது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மி.கி.யை எல்லையாக வைக்கிறது. மணல் ஃபில்டரும் கார்பனும் இதைத் தொடாது, கொதிக்க வைத்தால் இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. நீக்கும், ஆனால் உள்ளே போவதில் பெரும்பங்கைக் கழிவாகத் தள்ளும். அம்மோனியா இருந்தால் இன்னொரு தொல்லை. லிட்டரில் ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜன் எட்டு முதல் பத்து மி.கி. வரை குளோரினைத் தின்றுவிடும். எவ்வளவு போட்டாலும் குளோரின் நிற்கவில்லை என்று ஆபரேட்டர் சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும் என்றால் சுத்திகரிப்பு எளிது: 80 அல்லது 90 செ.மீ. விட்டமுள்ள பிரஷர் மணல் ஃபில்டர், பிறகு குளோரின், மீதம் லிட்டருக்கு 0.5 மி.கி. நிற்கும்படி. பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல மேலே திரை படர்ந்தால் அது நச்சு சுரக்கும் பாசியாக இருக்கலாம். திரை கலையும்வரை பம்பை நிறுத்துங்கள். குவாரி நீர் ஓடும் குழாய்க்கு வேறு நிறம் கட்டாயம். காவிரிக் குடிநீர்க் குழாயோடு எந்த இடத்திலும், தற்காலிகமாகக்கூட, இணைக்கக் கூடாது. பிளம்பர்கள் அவசரத்துக்குப் போடும் ஒரு ஹோஸ்தான் இரண்டு தண்ணீரையும் கலக்கவைக்கும்.

நிலத்தில் இறக்குவது

குவாரியை ரீசார்ஜ் குழியாக மாற்றும் யோசனைக்கு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் மே மாதம் வரை நீர் நிற்கும் குழி, தான் பெரிதாகக் கசியவில்லை என்பதற்குத் தானே சாட்சி. அடியில் இருப்பது சிதையாத கெட்டிப் பாறை. இருக்கிற பிளவுகளையும் கிரஷர் பொடியும் வண்டலும் அடைத்திருக்கும். அதிகமாக மழைநீரை விட்டால் மட்டம் ஏறும், நிலத்துக்குள் அதே வேகத்தில்தான் இறங்கும்.

இதைச் சரிக்கட்ட அடியில் போர் போட்டு நீரை நேராகப் பிளவுக்குள் விடச் சொல்வார்கள். இதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். மண்ணும் சிதைந்த பாறையும் நீரை வடிகட்டும், பிளவு வடிகட்டாது. குழியில் இருக்கும் நைட்ரேட்டும் கிருமியும் கீழ்ச்சரிவில் யாரோ குடிக்கும் போரில் போய் நிற்கும். பிறகு அதைத் திரும்பி எடுக்க வழியே கிடையாது. எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நீரைக் குவாரியில் விடுவதும் இதே கதைதான். கே.சி. வேலி திட்டத்தில் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்களே என்று கேட்கலாம். ஏரிக்கு அடியில் வண்டலும் மண்ணும் இருக்கின்றன, குவாரிக்கு அடியில் இல்லை.

ரீசார்ஜ் வேண்டும் என்பவர்கள் மொட்டை மாடியைப் பார்க்கட்டும். 4,000 சதுர மீட்டர் கூரையில் எண்பது சதவீதம் சேர்ந்தால் வருஷம் 3,100 கன மீட்டர். குவாரியின் மொத்த வருஷ வரவுக்கு ஏறக்குறைய சமமான தண்ணீர், வெடிமருந்து எச்சம் இல்லாமல், நம் காம்பவுண்டுக்குள்ளேயே. பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு 2009 முதல் கட்டாயம். முதல் மழையைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை முரம்பு வரை இறங்கும் உறைகிணறுகளில் விடுங்கள்.

மூடுவது

60,700 கன மீட்டரை நிரப்ப 12 கன மீட்டர் டிப்பரில் ஐயாயிரம் லோடு வேண்டும். அவ்வளவு சுத்தமான மண் எங்கும் கிடைக்காது. வருவது கட்டட இடிபாடும், இரவில் அதோடு சேர்ந்து வரும் குப்பையும்தான். பெல்லஹள்ளியிலும் மிட்டகானஹள்ளியிலும் கல்குவாரிக் குழிகளில்தான் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. இடிபாட்டில் முப்பது சதவீதம் இடைவெளி. நிரப்பிய பிறகும் 18,000 கன மீட்டர் நீர் சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சத்தோடு ஊறிக்கொண்டே இருக்கும். பி.எச். ஏறும், சல்பேட் ஏறும், அந்தச் சாறு பிளவு வழியாகக் கீழ்ச்சரிவுக்குப் போகும். தண்ணீரைக் கண்ணிலிருந்து மறைத்தோமே தவிர அகற்றியிருக்க மாட்டோம்.

கோடையில் முழுதாக வற்றும், ஐந்தாறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத குழி மட்டும் விதிவிலக்கு. பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் அந்தக் குவாரியின் சொந்த மேல்மண்ணையே தள்ளி, அடுக்கடுக்காக இறுக்கி மூடலாம். மற்றவற்றில், குழந்தைகளைப் பற்றிய பயத்துக்கு மருந்து வேலிதான். செங்குத்துச் சுவரில் விழுந்தவர் பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. ஆகவே விளிம்பிலிருந்து தள்ளி, இடியும் மண்ணுக்கு அப்பால், ஆள் உயர வேலி. பம்ப் இறங்கும் ஒரே இடத்தில் பூட்டிய கேட், உள்ளே கயிறும் மிதவை வளையமும். மேல்சரிவு நீர் விளிம்பை அரிக்காமல் சுற்றி ஒரு வாய்க்கால், அது குழிக்குள் இறங்கும் இடத்தில் வண்டல் தொட்டி. இந்தச் செலவு எந்த வழியைத் தேர்ந்தாலும் உண்டு.

தொடங்கும் முன்

ஆர்.டி.சி. என்னும் நிலப் பதிவேட்டு நகலை எடுத்து நிலம் யாருடையது என்று பாருங்கள். பல குவாரிகள் அரசின் கோமாளா (மேய்ச்சல்) நிலத்தில் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகை முடிந்ததா, மீண்டும் ஏலத்துக்கு வருமா என்பதைச் சுரங்கம் மற்றும் நிலவியல் துறையில் எழுத்தில் கேளுங்கள். குவாரி திரும்ப ஓடத் தொடங்கினால் முதல் வேலையாகத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவார்கள், உங்கள் ஃபில்டர் சும்மா நிற்கும். நிலத்தடி நீர் ஊறும் குழி என்பதால் கர்நாடகத்தின் 2011 நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவையா என்பதையும் அதே சமயம் கேட்டுவிடுங்கள்.

பம்ப் வைப்பதற்கு முந்தைய கோடையிலேயே சுற்றியுள்ள நாலைந்து கிணறு, போர்களின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து, அந்தந்தச் சொந்தக்காரரிடமே ஒரு நகல் கொடுங்கள். இந்தப் பகுதியில் டைக்குகள் எனப்படும் கருங்கல் பட்டைகள் பூமிக்குள் சுவர்போல ஓடுகின்றன. அதன் ஒருபக்கம் இறங்கும் மட்டம் மறுபக்கம் தெரியாது, அதனால் குழியின் எல்லாத் திசையிலும் ஒரு கிணறாவது பட்டியலில் இருக்க வேண்டும். கோடை முடிவில் எங்கே நிறுத்துவது என்ற மட்டத்தையும் முன்பே கூட்டத்தில் முடிவு செய்து, அளவுகோலில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டு, அந்த மட்டத்தில் மோட்டார் தானாக நிற்கும்படி ஃப்ளோட் சுவிட்சைப் பாறையில் அடித்த கம்பியில் பொருத்துங்கள். மிதவையில் பொருத்தினால் அது நீரோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போகும், மோட்டார் நிற்காது.